பைக்குள் கட்டிய மூச்சு

அத்தியாயம் 5

"திருடன் போறச்சே தரையைத் துடைச்சுட்டுப் போனானா?" என்று கேட்டாள் வைதேகி.

அந்தக் கூடத்தில் எல்லாரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். ஆள் நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் மோட்டார் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மீன் இல்லாத தண்ணீரில் குமிழி எதற்கு என்று அன்புச்செல்விக்குத் தோன்றியது. பிணம் எடுத்த வீட்டில் யாரும் நிறுத்தாமல் விட்ட மின்விசிறி போல அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

விவகாரம் இதுதான். அடையாறு காந்தி நகரில் சுப்பராயனின் வீடு. கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் சம்பாதித்து ஓய்ந்தவர். அவர் உயிராக வளர்த்தது ஓர் அரவானா மீன். முழங்கையை விட நீளம், புதுச் செப்புக்குடம் போலச் சிவப்பு, பெயர் ராஜா. காலையில் அவர் கடற்கரைக்கு நடக்கப் போய்த் திரும்புவதற்குள் ராஜாவைக் காணோம். அப்போது வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் அவர் மனைவி வசந்தி. இன்னொருத்தி ஹம்சினி, அன்புச்செல்வியின் மகள். நடுவில் ஒருமுறை கற்பூரம் வாங்கக் கடைக்குப் போய் வந்திருந்தாள்.

அந்த வீட்டில் வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, தரை துடைப்பவள் அன்புச்செல்விதான். டெங்கு வந்து படுத்துவிட்டாள். வேலை கை நழுவிவிடக் கூடாதே என்று மகளை அனுப்பினாள். அதுதான் வினையாக முடிந்தது. ஹம்சினி காவலர் தேர்வில் ஓட்டம், கயிறு, எழுத்து எல்லாம் தாண்டி நிற்கிற பெண். இனி நடத்தை விசாரணை ஒன்றுதான் பாக்கி. இந்த நேரத்தில் அவள் பேரில் ஒரு திருட்டுப் புகார் விழுந்தால் போதும், காக்கிச் சட்டை இந்த ஜென்மத்துக்குக் கிடையாது.

"பொழுது சாயறதுக்குள்ள என் ராஜா உயிரோட இந்தத் தொட்டியில இருக்கணும்," என்று சுப்பராயன் சொல்லிவிட்டார். "இல்லேன்னா இன்ஸ்பெக்டர் வருவார். ஏற்கெனவே போன்ல சொல்லி வச்சிருக்கேன்."

ஹம்சினியை அவர் வாசல் பக்கம் கார் நிறுத்தும் இடத்தில் வெயிலில் உட்கார வைத்திருந்தார். அவள் அழவில்லை. 

அவளுக்குத் தெரிந்த ஒரே துணை காதர். ஆற்றோரம் குடிசை போட்டிருந்த காலத்தில் பக்கத்துக் குடிசைக்காரன், இப்போது திருவல்லிக்கேணியில் ஆட்டோ ஓட்டுகிறான். ஓட்டுகிற நேரம் போக மீதி நேரத்தில் மயிலாப்பூர் வைதேகி மாமிக்குக் கையாள். வைதேகி கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவள். பொய்ச் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவள். இப்போது துப்பறிகிறாள். செய்தி தெரிந்ததும் காதர் அவளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

"தரை ஏன் துடைக்கணும்?" என்றார் சுப்பராயன் எரிச்சலோடு.

"இந்த மீன் துள்ளுமோல்லியோ?"

"துள்ளுமாவா? மூடி இல்லேன்னா மின்விசிறி வரைக்கும் போகும்."

"வலை போட்டுப் பிடிச்சிருந்தா கூடம் பூரா தண்ணி தெறிச்சிருக்கும். சோபாவுக்கு அடியில கூட ஒரு சொட்டு இல்லை. நீங்க இதை வாங்கினப்போ கடைக்காரன் எப்படித் தொட்டியில விட்டான்?"

"பையோட கொண்டுவந்தான். பையைத் தண்ணிக்குள்ள அமுக்கி, உள்ளேயே அவுத்து விட்டான்."

"அதையே திருப்பிப் பண்ணியிருக்கா. பையைத் தண்ணிக்குள்ள விட்டு, மீனை அதுக்குள்ள மெதுவா ஓட்டி, வாயைக் கட்டிண்டு போயிருக்கா. தொழில் தெரிஞ்ச கை."

"அப்ப மீனைப் புடிக்கல மாமி," என்றான் காதர். "சவாரி ஏத்திக்கினு போயிருக்கான்."

சுப்பராயன் முறைத்தார். காதர் தொட்டிக்குக் கீழே குனிந்து ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். கறுப்பாக ஏதோ ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். மோட்டார் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிய துண்டு.

"மீன் பை கட்டற ரப்பரு. சாதா ரப்பர் பேண்டு போட்டா ஆக்சிஜன் முட்டி புட்டுக்கும். நம்ம வண்டில எத்தினி தபா மீன் லோடு ஏத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வைதேகி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இதுல என்ன பொடிப் பொடியா ஓட்டை? ஊசி குத்தினாப்ல?"

"குத்தல மாமி, பொசுங்கியிருக்குது. வெல்டிங் பொறி பட்டது."

"மீன் கட்டற ரப்பர் வெல்டிங் பட்டறையில ஏன் தொங்கணும்?" வைதேகி கண்ணை மூடிக்கொண்டாள். "மீனுக்கும் வேணும், பட்டறைக்கும் வேணும். ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறது என்னடா காதர்?"

காதர் நெற்றியில் அடித்துக்கொண்டான். "சிலிண்டரு! ஆக்சிஜன் சிலிண்டரு! மந்தைவெளில ஒருத்தன் கீறான் மாமி. செம்பியன்னு பேரு. மீன் கடையும் மச்சான் பட்டறையும் ஒரே செவுரு."

கிளம்பும் முன் வைதேகி குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கேட்டவள் யாராவது எடுத்துத் தரும் வரை நிற்கவில்லை. தானே போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல் தட்டு ஃபிரீசரில் ஒரு டப்பா நிறைய இறால். மூடி மேல் பனி சாணி மெழுகினாற்போலப் படிந்திருந்தது.

"இதுதான் ராஜா சாப்பாடா? யாரு போடறது?"

"நான்தான்," என்றாள் வசந்தி. சமையலறை வாசலில் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பின் முனையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். "ரெண்டு வேளையும்."

"நேத்தும்?"

"நேத்தும்தான்."

வைதேகி ஃபிரிட்ஜை மூடினாள். தண்ணீரைக் குடிக்க மறந்துவிட்டாள்.

வாசலில் சுப்பராயன் அவர்களை நிறுத்தினார். நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது. ஒரு கை நெஞ்சில் இருந்தது. "டாக்டர் நெஞ்சைப் பிளக்கணும்கிறான். எனக்கு எதுக்கு? வீட்டுக்காரனுக்கு வர்ற கண்டத்தை இந்த மீன் தன் மேல வாங்கிக்கும். வாங்கிக்கிட்டுச் செத்துப் போகும். அது இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது. புரியுதா? அது வெறும் மீன் இல்ல."

"எம் பொண்ணும் வெறும் பொண்ணு இல்லீங்கய்யா," என்று சொல்ல அன்புச்செல்விக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறினாள்.

*

கத்திரி வெயில் தலைக்கு மேல் உலை வைத்திருந்தது. அடையாறு பாலம் தாண்டியதும் மெட்ரோவுக்குத் தோண்டிய இடமெல்லாம் தகரப் பலகை. காதர் சந்து சந்தாக வளைத்தான். காய்ச்சல் விட்டும் விடாத உடம்பு அன்புச்செல்விக்கு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் எலும்பு தனியாகக் கழன்று விழுவது போலிருந்தது.

மந்தைவெளியில் மீன் கடை பூட்டியிருந்தது. பக்கத்துப் பட்டறையில் ஒருவர் இரும்பு கேட்டுக்குப் பற்று வைத்துக்கொண்டிருந்தார். காதரைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கினார்.

"இன்னா காதர் பாய், மாமிய எல்லாம் இட்டாந்துகீறே? கோயிலுக்குக் கேட்டு எதனா செய்யணுமா?"

"செம்பியன் எங்க நைனா?"

"திருத்தணி. கொழந்தைக்கு மொட்ட. போனை அணைச்சுப் போட்டுட்டுப் போய்க்கீறான்."

வைதேகி ரப்பர் வளையத்தை நீட்டினாள். பட்டறைக்காரர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கதவில் ஆணியில் தொங்கிய அதே மாதிரி வளையங்களின் கொத்தைப் பார்த்தார். பொய் சொல்ல இடமில்லை.

"காலைல ஒரு பெரிய மீன் வந்துச்சு," என்றார். "சேப்பா, சட்டி வாயாட்டம் வாயி. நான்தான் சிலிண்டர் திறந்தேன். பையிக்குள்ள பை, அதுக்குள்ள பைன்னு மூணு. ஒரு பங்கு தண்ணி, ரெண்டு பங்கு காத்து. தெர்மாகோல் பெட்டி. வெளிச்சம் பட்டா மீன் மிரண்டு மூச்ச வீணாக்கும். அதனால துணி சுத்தி மூடிட்டோம். சொம்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை."

"யாரோட மீனுன்னு கேக்கலியா?"

"மச்சான்தான் பார்ட்டி வீட்டுக்குப் போயி எடுத்தாந்தான். யாரு எவருன்னு நான் கேக்கல. ஒண்ணே ஒண்ணு சொன்னான். அவன் சொன்னபடியே பார்ட்டி ரெண்டு நாளா மீனப் பட்டினி போட்டுகீதுன்னான். அதான் பையில தண்ணி கண்ணாடியாட்டம் இருந்துச்சு."

"பட்டினியா? எதுக்கு?" என்றான் காதர்.

"தின்ன மீனு பைக்குள்ள கழியும்பா. தன் அழுக்குலயே அது செத்துப் போவும். தூரம் போற மீனுக்குச் சோறு போடக் கூடாது. தொழில்ல அதுதான் முதல் பாடம்."

இரண்டு நாள் பட்டினி. அன்புச்செல்வி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் நடமாடியவள் ஹம்சினி. தன் மகளா? யாராவது ஆசை காட்டி, யாராவது மிரட்டி... அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவள் தன் கையைத் தானே நறுக்கென்று கிள்ளிக்கொண்டாள். பெற்ற வயிறே சந்தேகப்பட்டால் ஊர் ஏன் படாது?

"பெட்டி எங்க போச்சு?" என்றாள். 

"தி.நகர்ல பஸ் பார்சல் கொட்டாய். தஞ்சாவூர் வண்டி, இருட்டினப்புறம்தான் கிளம்பும்." பட்டறைக்காரர் வானத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "நெழல்ல வெச்சிருந்தா விடியற வரைக்கும் தாங்கும். இந்த வெயில்ல வெளில போட்டு வெச்சான்னு வையி, பை கொதிக்கும். சூடு ஏற ஏற மீன் ஜாஸ்தி மூச்சு வுடும். காத்து சீக்கிரம் காலி. சாயங்காலத்துக்கெல்லாம் கொழம்புக்குத்தான் ஆவும்."

"வண்டிய எட்றா காதரு!" என்று கத்தினாள் அன்புச்செல்வி.

*

ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை. சிக்னலுக்குச் சிக்னல் வண்டிகள் வெந்து நின்றன. அன்புச்செல்வி ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்ற மாநகரப் பேருந்தைக் கண்ணாலேயே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கம்பிய வுடு. வளைஞ்சுதுன்னா ஓனர் என்னை வளைப்பான்."

"ஜோக்கு அடிக்கிற நேரமாடா இது?"

"அழுதா மட்டும் சிக்னலு வுடுமா?"

 வைதேகி விரலால் மடியில் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று, "வேண்டாத மீனைக் கொல்லறது எவ்வளவு சுலபம்?" என்றாள்.

"ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடரு போதும் மாமி."

"ஆமாம். திருடி விக்கறவன்னா இங்கேயே கைமாத்திடுவான், தஞ்சாவூருக்கு அனுப்ப மாட்டான். இங்க என்னடான்னா ரெண்டு நாள் பட்டினி போட்டு, மூணு பை போட்டு, துணி சுத்தி, பிள்ளை பெத்தவளை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிண்டு வராப்ல அனுப்பியிருக்கா. இது யாருக்கோ வீட்ல இருக்கவும் படாது, சாகவும் படாது. அந்த 'யாரோ' யாரு?"

 பேருந்து நகர்ந்தது.

தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. தகரக் கொட்டகைக்கு வெளியே மூட்டைகளும் பெட்டிகளும் வெட்ட வெயிலில் அடுக்கிக் கிடந்தன. அன்புச்செல்வி ஓடினாள். சாக்கு மூட்டை, சைக்கிள், டிராக்டர் டயர். தெர்மாகோல் பெட்டி எங்கேயும் இல்லை.

"ஒரு வெள்ளைப் பெட்டி! மீன் பெட்டி! யாராச்சும் பாத்தீங்களா?"

கொட்டகை ஓரத்தில் பலகை போட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். தேவானை என்று கூப்பிட்டார்கள் அங்கிருந்த லோடுமேன்கள். பட்டினப்பாக்கத்துக் கரையிலிருந்து கூடை தூக்கி வருகிறவள், கையில் வஞ்சிரம் வெட்டும் கத்தி.

"உன் பெட்டியாமே அது? நல்லா கேட்டே! ஒழுகுதுன்னு அந்தப் பாழாப்போனவன் கொட்டகைக்கு வெளில தள்ளிட்டான். வெயில் வாட்டுது. மீனு இருக்குற பெட்டியாச்சேன்னு மனசு கேக்கல. இழுத்தாந்து எம் பலகைக்கு அடியில வெச்சேன். தெறந்து பாத்தா ஒரு துண்டு ஐஸு கெடையாது! மீன அனுப்புறவன் ஐஸு போடாம அனுப்புவானா? அறிவு கெட்டவன். அதான் எம் ஐஸுல ரெண்டு வாரு அள்ளிப் போட்டேன்."

"உசுரு மீனுக்கு ஐஸ் போட்டியா?" காதர் அலறினான். "யம்மா, அது கொழம்பு மீனு இல்ல, கூடத்துல வெச்சுக் கும்புடற மீனு!"

"உசுரு மீனா?" தேவானையின் கையிலிருந்த கத்தி பலகை மேல் விழுந்தது. "மீனுன்னா ஐஸுதானே? நான் இன்னாத்த கண்டேன்!"

அன்புச்செல்வி அதற்குள் பலகைக்கு அடியில் புகுந்து பெட்டியை இழுத்துவிட்டாள். மூடியைத் தூக்கினாள். ஓரத்தில் ஐஸ் கரைந்து சில்லென்று நின்றது. நடுவில் துணி சுற்றிய பை, உப்பி, ஈரமாக. துணியை விலக்கினாள்.

உள்ளே செப்பு நிறம். ஒருக்களித்துக் கிடந்தது. கண் திறந்திருந்தது. மீனுக்கு எப்போதும் கண் திறந்துதான் இருக்கும் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. 

"செத்துடுச்சு," என்றாள். "எம் பொண்ணு வாழ்க்கை போச்சு."

வைதேகி மண்டியிட்டாள். மூக்குக் கண்ணாடியைப் பை மேல் ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தாள். நெடுநேரம். அப்புறம் சொன்னாள்: "செவுள் அசையறது."

"நெசமாவா?"

"மெதுவா. ரொம்ப மெதுவா. குளிர்ல மீன் தூங்கறாப்ல ஆயிடுத்து. மூச்சைச் சேமிச்சிண்டிருக்கு. இந்த வெயிலுக்கு ஐஸ் இல்லேன்னா இது எப்பவோ போயிருக்கும். ஐஸ் நேரா பட்டிருந்தாலும் போயிருக்கும். நடுவுல இந்தத் துணி இருந்துது." அவள் தேவானையைப் பார்த்தாள். "தப்பு பண்ணித்தான் காப்பாத்திட்டே அம்மா."

"நான் பண்ணது தப்பா சரியா, ஒண்ணு சொல்லு!" என்றாள் தேவானை, கண்ணில் தண்ணீரோடு.

ஆனால் அன்புச்செல்வியின் கை அந்தத் துணியிலேயே நின்றுவிட்டது. நைந்துபோன சுங்குடிப் புடவை. கத்திரிப்பூ நிறம், தலைப்பில் காப்பிக் கறை. அந்தக் கறையை எடுக்க அவள் எலுமிச்சம்பழம் தேய்த்திருக்கிறாள், சோடா உப்பு தேய்த்திருக்கிறாள், கடைசியில் கை ஓய்ந்து விட்டுவிட்டாள். எத்தனையோ தடவை கல்லில் அடித்துக் கொடியில் போட்ட புடவை.

"மாமி," என்றாள். "இது வசந்திம்மா சேலை."

வைதேகி தலையை ஆட்டினாள். அவளுக்கு ஆச்சரியம் இல்லை. "அந்த இறால் டப்பா மூடியில அத்தனை பனி. ரெண்டு மூணு நாளா யாரும் அதைத் திறக்கலை. 'நேத்தும் போட்டேன்'னு சொன்னா. காலம்பற உன் பொண்ணைக் கற்பூரம் வாங்கிண்டு வான்னு கடைக்கு அனுப்பினது யாரு?"

"வசந்திம்மாதான்."

"ஏன்? அதையும் யோசிச்சுப் பாரு. இந்த மீன் இருந்தா அவர் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார். செத்தாலும் போக மாட்டார், என் கண்டம் தீர்ந்துதுன்னு உக்காந்துடுவார். அதனால மீன் இருக்கவும் படாது, சாகவும் படாது. காணாமப் போகணும், உயிரோட."

"பாவம் அந்தம்மா," என்றான் காதர், அவனையும் மீறி.

அன்புச்செல்வி பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். "பாவமா?" என்றாள். "எம் பொண்ணு காலைலேர்ந்து வெயில்ல உக்காந்துகினு கீது. அந்தம்மா ஜன்னல் வழியா அதைப் பாத்துக்கினே கீறாங்க. ஓட்டுடா."

*

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கோட்டூர்புரம் பாலத்தில் காதர் ஆட்டோவை மூன்று சக்கரத்தில் ஓட்டினானா இரண்டில் ஓட்டினானா என்று அவனுக்கே தெரியாது. காந்தி நகர் வீட்டின் பின் கேட்டில் நின்றது வண்டி. நின்றதும் வசந்தி ஓடி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். இரண்டு கையாலும் கேட்டை உள்ளிருந்து பிடித்துக்கொண்டாள்.

"செல்வி, உள்ளே கொண்டு வராதே. கையெடுத்துக் கும்பிடறேன். அப்படியே திருப்பிக் கொண்டு போயிடு."

"எங்க கொண்டு போறது?"

"தஞ்சாவூர்ல எங்க அக்கா வீட்டுக்கு. எங்கேயாவது. இதைப் பார்த்தா அவர் ஆப்பரேஷனுக்குப் போக மாட்டார். டாக்டர் தள்ளிப் போடாதீங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டார். ராத்திரி முழுக்க அவர் மூச்சை எண்ணிக்கிட்டுப் படுத்திருக்கேன் செல்வி. எனக்கு வேற வழி தெரியல."

"அதுக்கு எம் பொண்ணா?"

"திருடன்னு நினைச்சுத் திட்டிட்டு விட்டுடுவார்னு பார்த்தேன். உன் பொண்ணு மேல திரும்பும்னு நான் நினைக்கவே இல்ல."

"திரும்பிச்சே! அப்ப வாயத் தெறந்தீங்களா?" அன்புச்செல்வியின் குரல் உடைந்தது. "அது ஓடி ஓடி காலு வீங்கி நின்னப்ப நான் வெந்நி ஊத்தினேன். அந்தச் சட்டைய அது இன்னும் போட்டுக் கூடப் பாக்கல. உங்க தாலி நிக்கணும்னு எம் பொண்ணு காக்கிய உருவறீங்களேம்மா!"

 கேட்டைப் பிடித்த வசந்தியின் விரல்கள் வெளுத்திருந்தன.

வைதேகி குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் அப்புறம் அழுங்கோ. ஐஸ் பூரா கரைஞ்சுடுத்து. இந்தப் பைக்குள்ள இனிமே காத்து கிடையாது. இது செத்துதுன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சு. அவர் 'கண்டம் போச்சு'ன்னு ஆஸ்பத்திரி பக்கமே திரும்ப மாட்டார். உங்க ரெண்டு பேருக்கும் இப்போ வேண்டியது ஒண்ணுதான். வழியை விடுங்கோ."

கேட் திறந்தது.

பையைக் கட்டோடு தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டார்கள். உடனே அவிழ்க்கக் கூடாது, உள் தண்ணீரும் வெளித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும் என்று சுப்பராயனே கத்தினார். காத்திருந்தார்கள். அன்புச்செல்விக்கு அந்தக் காத்திருப்பு பிரசவ வலி. பை அவிழ்ந்தது. மீன் சரிந்து வெளியே வந்தது. வந்து, ஒரு பக்கமாகத் திரும்பி, இலை விழுவது போல அடியை நோக்கி இறங்கியது.

"ராஜா..." சுப்பராயன் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். அப்புறம், பயங்கரம், அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "வாங்கிக்கிச்சு. என் கண்டத்தை வாங்கிக்கிச்சு. வசந்தி, நான் சொன்னேன்ல?"

"இல்லை!" என்று வசந்தி கத்தினாள். புடவையோடு ஸ்டூல் மேல் ஏறித் தொட்டிக்குள் தோள் வரை கையை விட்டாள். மீனைத் தூக்கினாள். அது வழுக்கியது. மறுபக்கம் அன்புச்செல்வி கையை விட்டாள். ஒருத்தி தலையைத் தாங்கினாள், ஒருத்தி வாலைத் தாங்கினாள். நிமிர்த்திப் பிடித்து, தண்ணீரை அதன் வாய் வழியே செவுளுக்குப் போகும்படி முன்னால் தள்ளினார்கள். தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மறுபடி இந்தக் கோடி. குழந்தையை நடை பழக்குவது போல. தண்ணீர் இருபுறமும் வழிந்து கூடத்துத் தரையெல்லாம் ஓடியது. ஒருத்தியும் மற்றவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூச்சு விடு," என்று வசந்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். "மூச்சு விடு, மூச்சு விடு."

செவுள் ஒருமுறை விரிந்தது. இன்னொருமுறை. அப்புறம் அன்புச்செல்வியின் உள்ளங்கையில் பளாரென்று ஓர் அடி. வால்! ராஜா துள்ளித் திமிறித் தொட்டியின் நடுவில் போய் நின்றது.

காதர்தான் முதலில் வாயைத் திறந்தான். "அடிச்சுட்டான்க்கா. கேஸ் போடலாம்."

 சுப்பராயன் சொட்டச் சொட்ட நின்ற மனைவியைப் பார்த்தார், பெட்டிக்குள் கிடந்த சுங்குடியைப் பார்த்தார். கான்ட்ராக்டர் மூளை, கூட்டல் தெரியும்.

"நீயா?"

"நான்தான்," என்றாள் வசந்தி. ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. "பாத்தீங்கல்ல? அதுக்கு மூச்சு நின்னப்போ அதைக் காப்பாத்திக்க அதால முடியல. ரெண்டு பொம்பளைங்க கை வேண்டியிருந்தது. அதுவா உங்களைக் காப்பாத்தும்? ரெண்டு நாள்ல ஆஸ்பத்திரி. வரலேன்னா நான் இந்த வீட்ல இல்ல."

சுப்பராயன் சோபாவில் உட்கார்ந்தார். கை மறுபடி நெஞ்சுக்குப் போயிற்று. தொட்டியைப் பார்த்தபடி "சரி," என்றார். சின்னச் சத்தம்.

"அது உங்க சரி. எங்க சரி எங்க?" என்றாள் அன்புச்செல்வி. "போனைப் போடுங்கய்யா."

அவர் போனை எடுத்தார். "சார், சுப்பராயன் பேசறேன்..."

"ஸ்பீக்கர்ல போடுங்க சார்," என்று வாசலிலிருந்து ஒரு குரல். ஹம்சினி. வெயிலில் முகம் கறுத்திருந்தது. முதுகு அணிவகுப்பில் நிற்பது போல நேராக இருந்தது. "அவர் என்ன சொல்றார்னு நாங்களும் கேக்கணும்."

"வேலைல சேர்றதுக்கு முன்னயே டூட்டி பாக்குது மாமி," என்று காதர் கிசுகிசுத்தான். வைதேகி அவன் காலை மிதித்தாள்.

சுப்பராயன் பித்தானை அமுக்கினார். கூடம் முழுக்கக் கரகரத்தது அந்தக் குரல்: "சொல்லுங்க சார். கிளம்பிட்டேன். அந்தப் பொண்ணு பேரை எழுதிடலாமா?"

"வேண்டாம் சார். மீன் வீட்லதான் இருக்கு. யாரும் திருடலை. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னோடது."

"அப்போ கேஸ் இல்லைங்கிறீங்க?"

"இல்லை."

போன் அணைந்தது. அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் அன்புச்செல்வி தொட்டி ஓரமாகச் சறுக்கித் தரைக்கு வந்தாள். ஹம்சினி ஓடி வந்து தோளைப் பிடித்தாள். எழுப்பப் பார்த்தாள். அன்புச்செல்வி எழவில்லை. தண்ணீர் ஓடிய அந்தக் கூடத்துத் தரையில், அத்தனை பேர் முன்னாலும், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வருஷக்கணக்காக அவள் துடைத்த தரை. அதில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.